ரிமாண்டுக்கும் தீர்ப்புக்கும் நடுவே

கைதாகிச் சிறையில் இருப்பவர் மீது காவல்துறை 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கொலை போன்ற கடுமையான குற்றம் என்றால் 90 நாட்கள் அவகாசம். அதற்குள் தாக்கல் செய்யவில்லை என்றால் பிணையில் வெளிவருவது கைதியின் உரிமை. குற்றம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் இந்த உரிமைக்கு ஆயுள் குறைவு. 61ஆம் நாள் காலை மனுப் போட ஒரு வழக்கறிஞர் இருந்தால் கைதி வெளியே வருவார். யாரும் மனுப் போடாமல் இருந்து, 63ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டால் அந்த உரிமை போனது போனதுதான். நாளை எண்ணிக்கொண்டிருக்க ஆள் இல்லாத ஒரே காரணத்தால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் நீதி எட்டச் செய்வது பற்றி ஐம்பது ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். அருமையான தீர்ப்புகள் வந்துள்ளன. தனிச் சட்டம் இருக்கிறது. தாலுகா வரை அலுவலகங்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: எளியவருக்கு நீதி கிடைத்த இடங்களில் எல்லாம் கைதான முதல் நாள் தொடங்கிக் கடைசி மேல்முறையீடு வரை வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞரோ, அவருக்குப் பின்னால் நின்ற ஓர் அமைப்போ இருந்திருக்கிறது. அரசின் சட்ட உதவி ஏற்பாடு பெரும்பாலும் ஒரு வாய்தாவுக்கு ஆள் அனுப்புவதற்காக அமைந்தது. வழக்கு பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் நடக்கிறது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோத்திராம் வழக்கு சிறியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே பிணை கொடுத்திருந்தது. கீழமை நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. கொத்தனாரின் சகோதரர் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்துவிட்டார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த நிபந்தனையை 1,000 ரூபாய் சொந்தப் பிணைமுறியாகக் குறைத்தார். அதோடு நிற்கவில்லை. பஸ்தரிலோ டெல்லி சாந்தினி சௌக்கிலோ கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு வழக்காடியதற்காக ஒரு மாதம் சிறையில் இருந்தவர் அவர். 1957இல் கேரளத்தில் சட்ட அமைச்சரானபோது ஏழைகளுக்குச் சட்ட உதவி விதிகளைக் கொண்டுவந்தார். சிறையை உள்ளிருந்து பார்த்த ஒருவர் நீதிபதி இருக்கையில் அமர்ந்தது இந்த நாட்டின் ஏழைகளுக்கு வாய்த்த நல்லூழ்.

அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு. தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி பீகார்ச் சிறைகளைப் பார்த்துவிட்டு இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உரிய முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் அவை. டெல்லியில் வழக்கறிஞராக இருந்த கபிலா ஹிங்கோரானி அந்தக் கட்டுரைகளை ஆதாரமாக வைத்து ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். பாதிக்கப்பட்டவரோ உறவினரோதான் மனுப் போடலாம் என்பது அப்போதைய நடைமுறை. முகம்கூடப் பார்த்திராதவர்களுக்காக அவர் நீதிமன்றம் ஏறினார். விரைவான விசாரணையும் இலவசச் சட்ட உதவியும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று நீதிபதி பி.என். பகவதி அமர்வு சொன்னது. அந்த வழக்கின் விளைவாக நாடெங்கும் ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பொதுநல வழக்கு என்ற வடிவம் இந்தியாவில் வேர் பிடித்தது இங்கேதான்.

பாகல்பூரில் காவலில் இருந்தவர்களின் கண்களைக் குருடாக்கிய கொடுமையையும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் கபிலா ஹிங்கோரானிதான். ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டுகள் அந்தக் கைதிகளுக்கு ஏன் வழக்கறிஞரை ஏற்படுத்தித் தரவில்லை என்று நீதிமன்றம் கேட்டது. அவர்கள் யாரும் கேட்கவில்லை என்பதே பதிலாக வந்தது. முதன்முதலில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே சட்ட உதவி தர வேண்டும், கேட்டால்தான் கொடுப்பேன் என்று இருக்கக் கூடாது என்று 1980 டிசம்பரில் தீர்ப்பானது. 1986இல் சுக்தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி போய், வழக்கறிஞர் இல்லாமல் நடந்த விசாரணையில் கிடைத்த தண்டனையையே ரத்து செய்தார்கள்.

இந்தத் தீர்ப்புகளுக்கு அடித்தளம் 1976இல் அரசமைப்பில் சேர்ந்த 39அ பிரிவு. அதன் பலனாக 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசிய, மாநில, மாவட்ட ஆணைக்குழுக்கள், வட்டச் சட்டப்பணிகள் குழுக்கள் என்று அமைப்பு விரிந்தது. இச்சட்டத்தின் 12ஆம் பிரிவை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலிலும் சிறையிலும் இருப்பவர்கள், கொத்தடிமைகள், பேரிடராலும் சாதி வன்கொடுமையாலும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. வருமான வரம்பு மற்றவர்களுக்கு மட்டும்தான். கணவன் அடித்து விரட்டிய ஒரு பெண்ணிடம் ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் கேட்டு அலைய விட யாருக்கும் உரிமை இல்லை.

சட்டம் இவ்வளவு தாராளமாக இருக்கிறது. சிறைக் கணக்கோ வேறு கதை சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் யாராலும் தீர்மானிக்கப்படாதவர்கள். சட்ட உதவிக்கு இந்த நாடு செலவிடும் தொகை ஆளுக்கு ஆண்டுக்கு 6.46 ரூபாய் என்கிறது இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட் 2025. ஒரு தேநீர்கூட வாங்க முடியாத அந்தத் தொகையில் வழக்கறிஞர் சம்பளம், தட்டச்சு, நகல் செலவு, சிறைக்குப் போய்வரும் பயணம் எல்லாம் அடங்க வேண்டும்.

இலவச வக்கீல் என்றால் மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. பட்டியலில் உள்ள வழக்கறிஞருக்குக் கிடைப்பது சொற்பக் கட்டணம், அதுவும் தாமதமாக. சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்க்கிறார். வாய்தாவுக்கு வாய்தா ஆள் மாறுகிறார். கைதியைச் சிறையில் போய்ப் பார்ப்பது அபூர்வம். இதையெல்லாம் கண்ட குடும்பம் நகையை அடகு வைத்தாவது காசு கொடுத்து ஒருவரைப் பிடிக்கிறது. இதற்காக அந்த வழக்கறிஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஜூனியராக வாழ்க்கையைத் தொடங்கும் ஓர் இளைஞரிடம், முதல் தலைமுறைப் பட்டதாரியிடம், தியாகத்தை மட்டும் எதிர்பார்க்கும் ஏற்பாடு நீடிக்காது.

தரம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஒரு வழக்கு போதும். 2013இல் ஒரு குழந்தையைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் சட்ட உதவி வழக்கறிஞரை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. சில நாட்களில் விசாரணை முடிந்து தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாராவதற்கு ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்று விதித்தது. மறுவிசாரணையிலும் தூக்குத் தண்டனையே வந்து, உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்த பிறகே 2024இல் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அதற்குள் பத்தாண்டுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது. குழந்தையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் இதில் நீதி கிடைக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சரியான வழக்கறிஞர் இல்லாத விசாரணை இரு தரப்பையும் ஏமாற்றுகிறது.

ஜாமீன்தாரர் சிக்கலுக்கு மீண்டும் வருகிறேன். கிருஷ்ணய்யரின் கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதை நம் ஜவ்வாது மலை மக்களைக் கேட்டால் தெரியும். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்து மலை கிராமங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்களும், வேறு வேலைக்கென்று கூட்டிப் போகப்பட்டவர்களும் செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டார்கள். வழக்குத் தாள்கள் தெலுங்கில். உள்ளூர் ஜாமீன்தாரருக்கு வழியில்லை. வீட்டார் ஒருமுறை திருப்பதிக்குப் போய்வர ஒரு வாரக் கூலி போய்விடும். 2013இல் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்ட வழக்கில் 287 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது; பெரும்பாலோர் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. இடையில் 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் 20 பேரைச் சிறப்புக் காவல் படை சுட்டுக் கொன்றது. உயிர் தப்பியவர்களின் சாட்சியத்தைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கொண்டுபோனதில் மதுரை மக்கள் கண்காணிப்பகத்துக்கும் அதன் ஹென்றி திபேனுக்கும் பெரும் பங்கு உண்டு.

பிணை கிடைத்தும் பணமில்லாமல் உள்ளே கிடப்பவர்களுக்காக அண்மையில் சில ஏற்பாடுகள் வந்துள்ளன. பிணை ஆணை வந்து ஏழு நாளாகியும் கைதி வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்தில் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளின் பிணைத் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. பல வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. நல்ல விதிகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் யாராவது கணக்குப் போட்டு மனுவை எழுத வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு அனுபவம் தனியாகச் சொல்லத்தக்கது. இங்கே வென்ற வழக்குகளைப் பார்த்தால் வழக்கறிஞர் மட்டும் தனியாக நின்று வென்றதாக ஒன்றும் தெரியவில்லை. வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலை அடிவாரத்துப் பழங்குடிக் கிராமத்தில் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள்; கிணறுகளைப் பாழாக்கினார்கள்; 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். பிறகு ஊர்ப் பெண்களையே கைது செய்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அரசு சாதித்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் அதன் பெ. சண்முகம் போன்றவர்களும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்புக்கு முன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னார்.

31 ஆண்டுகள். இத்தனை காலம் அந்தப் பெண்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் பணம், மிரட்டல், சோர்வு எல்லாம் வந்திருக்கும். அவர்களைக் கலைந்து போகாமல் பார்த்துக்கொண்டது சங்கம். வழக்கை நீதிமன்றத்தில் உயிரோடு வைத்திருந்தவர்கள் வழக்கறிஞர்கள். இதில் ஒன்று இல்லாமல் மற்றொன்று வென்றிருக்காது.

ராஜாகண்ணு வழக்கிலும் இதே பாங்குதான். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போகப்பட்ட குறவர் சமூகத்து மனிதர் திரும்பி வரவில்லை. அவர் மனைவிக்குத் துணையாக உள்ளூர்த் தோழர்கள் நின்றார்கள். அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு ஆட்கொணர்வு மனு மூலம் உயர் நீதிமன்றத்தில் அதை எடுத்து நடத்தினார். 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்த வழக்கு இது. படத்தில் இருளர் என்று காட்டியிருக்கிறார்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தவர் மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம். விருத்தாசலம் பக்கத்தில் 2003இல் இளம் தம்பதிக்கு விஷம் புகட்டிக் கொன்ற ஆணவக்கொலை வழக்கிலும் அவர்தான் இருந்தார். அதில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 18 ஆண்டு ஆனது. வழக்கை மழுப்பிய காவலர்களும் அதில் தண்டிக்கப்பட்டார்கள் என்பது அரிதிலும் அரிது.

அரசின் ஆணைக்குழு எதையும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். திருநர்களுக்குத் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்ற 2014 ஏப்ரல் 15 தீர்ப்பை வாங்கித் தந்த மனுதாரரே தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுதான். அரசு உதவியில் இயங்கும் ஓர் அமைப்பு அரசையே எதிர்த்து மக்களுக்காக மனுப் போட்ட அரிய நிகழ்வு அது. நான்காண்டு கழித்து சத்யஸ்ரீ சர்மிளா தமிழ்நாட்டு பார் கவுன்சிலில் நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞராகப் பதிவு செய்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பேசும் வழக்கறிஞர்கள் அந்தச் சமூகங்களிலிருந்தே வரும்போது, கட்சிக்காரர் தன் கதையை முழுசாகச் சொல்லத் துணிகிறார்.

எளியவருக்காக நிற்பவர்கள் கொடுக்கும் விலையையும் இங்கே சொல்ல வேண்டும். சத்தீஸ்கரில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றி, நாற்பதை ஒட்டிய வயதில் சட்டம் படித்து, தொழிலாளர்களுக்கும் ஆதிவாசிகளுக்கும் வழக்காடிய சுதா பரத்வாஜ் 2018இல் கைதாகி மூன்று ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். அங்கும் சக பெண் கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். 2021 டிசம்பரில் அவர் வெளியே வந்தது, இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அதே காலக்கெடுப் பிணையில். திருச்சி விரகலூரில் பிறந்து ஜார்கண்டில் வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சாமி, நக்சலைட் என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்து, அவர்களுக்காக ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தார். 2020 அக்டோபரில் அவரே கைதானார். 84 வயதில், விசாரணைக் கைதியாகவே, 2021 ஜூலை 5 அன்று இறந்தார். அவர் கவலைப்பட்டது எவ்வளவு நியாயம் என்பதற்கு பஸ்தர் பக்கத்து புர்காபால் வழக்கு சான்று. 2017இல் 25 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்ட தாக்குதலுக்காகக் கைதான 121 ஆதிவாசிகளை, ஐந்தாண்டு சிறைக்குப் பின் 2022இல் நீதிமன்றம் விடுவித்தது.

இப்போது நம்பிக்கை தரும் மாற்றம் ஒன்று நடந்து வருகிறது. 2022 முதல் மாவட்டந்தோறும் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர்கள் மாதச் சம்பளத்தில், முழுநேரமாக நியமிக்கப்படுகிறார்கள். தனி வழக்கு எடுக்கக் கூடாது. ரிமாண்ட் முதல் மேல்முறையீடு வரை கைதியின் வழக்கைப் பார்க்க வேண்டும். அரசுக்கு முழுநேர அரசு வழக்கறிஞர் உண்டு, ஏழைக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் கடைசியில் செயலுக்கு வந்திருக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பதவி ஒப்பந்த அடிப்படையில்தான். இரண்டாண்டுக்குப் பின் நீட்டிப்புக்குக் காத்திருக்க வேண்டும். வழக்கு எட்டு ஆண்டு நடக்கையில் இரண்டாண்டு ஒப்பந்தக்காரர் எப்படி இறுதிவரை உடனிருப்பார்? காவல் நிலையச் சித்திரவதையைக் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணர வேண்டியவருக்கு வேலை நிரந்தரம் இல்லை என்றால் அவர் குரல் எவ்வளவு உயரும்?

கைதான பின் வரும் முதல் இருபத்து நான்கு மணி நேரமும் இன்னும் காலியாகவே கிடக்கிறது. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று கைதான தந்தையும் மகனும் மறுநாள் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், 22, 23 தேதிகளில் இறந்தார்கள். ரிமாண்டின்போது அவர்கள் உடம்பைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. கைதுக்கு முன்பும் கைதின்போதும் ரிமாண்டிலும் சட்ட உதவி தர வேண்டும் என்று தேசிய ஆணைக்குழு 2019இலேயே வழிகாட்டு முறை வகுத்திருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து ஆணைக்குழுவுக்குத் தொலைபேசி போனால்தான் அது நடக்கும். 15100 என்ற இலவச எண் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முழுநேர வழக்கறிஞர் என்ற புதிய ஏற்பாடு குற்றம் சாட்டப்பட்டவருக்கானது. பாதிக்கப்பட்ட தரப்பு அரசு வழக்கறிஞரையே நம்பி இருக்க வேண்டும். செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்படும் இருளர் குடும்பத்துக்கு உடனடியாகக் கிடைப்பது கோட்டாட்சியரின் விடுதலைச் சான்றும் சிறு தொகையும். 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் சொல்லும் ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்ற மறுவாழ்வுத் தொகை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அந்த வழக்கை யார் தொடர்ந்து நடத்துவது?

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 4(5)ஆம் விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்தும்படி கேட்கலாம். 2015இல் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியதும், ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்ததும் மகனை இழந்த தாய் விடாமல் போராடியதால்தான். 2022இல் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தாய்க்கு வழி சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வன்கொடுமை வழக்கிலும் எஃப்.ஐ.ஆர். நகலோடு இந்த விதியைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, விருப்பத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு ஓர் ஆணை போட்டால் போதும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தேவைப்படும் நிதியும் அதிகமில்லை.